பாதி மருந்து

வலிக்கு மருந்து எழுதிய டாக்டரம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னது வெல்டர் இல்லை, வெல்டரின் மனைவி. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள், மார்ஃபின் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்தே விட்டாள்.

“அது மட்டும் வேணாம் டாக்டரம்மா. வேற எதுன்னாலும் குடுங்க. அது மட்டும் எங்க வீட்டுப் படி ஏறக்கூடாது.”

 வெல்டருக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தார். நெற்றியில் வேர்வை. ஒரு காலத்தில் நாலு மாடி உயரத்தில், ஒரு சாரக் குச்சியில் கால் மாற்றி நின்று பற்றவைத்த ஆள்.

“முன்னாடி பழக்கம் இருந்ததா?” என்று கேட்டாள் டாக்டரம்மா. தலைமுடியைக் கட்டையாக வெட்டிய சின்னப் பெண். தன் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள் வெல்டரின் மனைவி.

“அஞ்சு வருஷம்” என்றார் வெல்டர் தரையைப் பார்த்தபடி. “விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு.”

சாரத்திலிருந்து விழுந்து முதுகு பிசகிய கதையை அவள்தான் சொன்னாள். வேலைத்தளத்து டாக்டர் வெள்ளையாக ஒரு மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்றாம் நாளே மனிதர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். மகராசன் கை வைத்தால் வலி பறக்குது என்று அவளே அந்த டாக்டரை ஊரெல்லாம் புகழ்ந்தாள். ஒரு வருடத்தில் இரண்டு மாத்திரை பன்னிரண்டு ஆயிற்று. ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோனபோது மூக்கு ஒழுகி, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டு, கால் இரண்டும் தானாக உதற, மேலெல்லாம் புல்லரித்துக் கிடந்தார். குளிர்காய்ச்சல் என்று நினைத்து அவள் ரசம் வைத்துக் கொடுத்தாள். சூது தெரியாதவள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

“உங்க பயம் தப்பில்லம்மா. அந்த பயத்துக்குக் காரணமே எங்க ஆளுங்கதான். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி, அபின்லேருந்து எடுத்த மருந்தை ஊசியில போட்டாங்க. வாயில சாப்பிட்டாத்தான் பழக்கமாகும், ஊசியில போனா ஆகாதுன்னாங்க. சண்டையில அடிபட்டவன்லாம் அந்தப் பழக்கத்தோட வீட்டுக்குப் போனான். அப்புறம் அதைவிட நல்லதுன்னு இன்னொண்ணைக் கொண்டுவந்து இருமலுக்குக்கூட குடுத்தாங்க. அது முன்னதைவிட மோசம். அதுக்கப்புறம் எத்தனையோ. கடைசியா உங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாத்திரை. ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டு.”

“பழக்கமாகாது” என்றாள் அவள்.

“அதேதான். அப்புறம் பயந்துபோய் எல்லாத்தையும் பூட்டி வெச்சோம். சாகப்போற ஆளுக்கு ஒரு சொட்டு கிடைக்காம, கத்திக் கத்தியே செத்தவங்க எத்தனை லட்சம் பேர். அள்ளிக் குடுத்ததும் எங்க தப்பு, பூட்டி வெச்சதும் எங்க தப்பு. இப்ப அளந்து குடுக்கக் கத்துக்கிட்டிருக்கோம். அளவு நான் எழுதறேன். ஊத்தறது நீங்க. அவர் கையில பாட்டில் போகவே போகாது. சரியா?”

சரி என்று சொல்லிவிட்டால் போதும், அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிடலாம் என்பதால் சரி என்றாள்.

வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, ஜன்னலோரம் கட்டில், கட்டிலுக்கு எதிரே அவளுடைய தையல் மெஷின். பின்தெருவில் அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடம். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்த விரிப்பை இரண்டு பேர் இந்தப் பக்கம் நின்று நீராவி உருளைக்குள் கொடுக்க, இரண்டு பேர் அந்தப் பக்கம் நின்று வாங்கி மடிக்க வேண்டும். கொடுக்கிற பக்கம் அவள். உருளை யாருக்காகவும் நிற்காது, கைதான் அதன் வேகத்துக்கு ஓட வேண்டும். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கால் மணி நேரம் வீட்டுக்குப் போய்வரச் சூப்பர்வைசர் அனுமதி கொடுத்திருந்தார். ஓடுவாள், மூன்று மாடி ஏறுவாள், மருந்தை ஊற்றுவாள், ஓடி வருவாள்.

வேறு யாரும் உதவிக்கு இல்லை. அந்த ஐந்து வருடத்தில் வெல்டர் பொய் சொல்லாத உறவு இல்லை, கதவைச் சாத்தாத வீடு இல்லை. மனிதர் திருந்தினார். ஆனால் சாத்திய கதவு சாத்தியதுதான்.

மருந்து பழுப்பு பாட்டிலில் வந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி உறிஞ்சி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கன்னத்தின் உள்பக்கமாக விட வேண்டும். முதல் நாள், டாக்டரம்மா அனுப்பி, வாரம் ஒரு முறை ஸ்கூட்டரில் வருகிற நர்ஸ் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தாள். நர்ஸின் எதிரில் அவள் ஐந்தே ஊற்றினாள். வெல்டர் அரை மணியில் தூங்கினார். வாய் லேசாகத் திறந்து, முகத்துச் சுருக்கமெல்லாம் அவிழ்ந்து கிடந்தது.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும்.  ஒன்பது வருடத்துக்கு முன்பு, கேள்வி கேட்கிறபோதெல்லாம் அவளுக்குக் கிடைத்த முகம் அது.

சூடு கண்ட பூனை. மறுநாள் காலையிலிருந்து சிரிஞ்சில் இரண்டரைதான் மருந்து. மீதி இரண்டரைக்குச் சர்க்கரைத் தண்ணீர். பார்க்கிறவருக்கு ஐந்து. நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்தால் மருந்து குறைந்திருக்க வேண்டுமே. அதற்காக மீதியைப் பழைய இருமல் மருந்துப் பாட்டில் ஒன்றில் ஊற்றி, தையல் மெஷின் மூடிக்குள் வைத்தாள்.  நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்றிருந்தது.

 “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “தேவலை மேஸ்திரி” என்பார் வெல்டர். போதையை விட்டு வீடு திரும்பிய நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகவேண்டும், வந்தால் பையைக் காட்டவேண்டும் என்று அவள் போட்ட சட்டத்துக்கு அந்தப் பெயர். ஒன்பது வருடமும் கேட்காமலே பையைத் திறந்து காட்டினார்.

ஏழாம் நாள் நர்ஸ் வந்தாள். வெல்டரின் முழங்காலைத் தொட்டுத் திருப்பப் போனதுமே அவர் பல்லைக் கடித்ததைக் கவனித்துவிட்டாள்.

“இந்த அளவு பத்தலையே. பத்துக்கு எத்தனை வலி, சொல்லுங்க.”

“நாலு இருக்கும்.”

“நாலுக்கு இப்படி வேர்க்காது ஐயா.” நர்ஸ் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து பேசிவிட்டுச் சீட்டில் திருத்தினாள். “இனிமே ஏழரை மில்லி.”

“ஏழரை பிடிச்சு ரொம்ப நாளாச்சும்மா” என்றார் வெல்டர். நர்ஸ் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. ஐந்து, ஏழரை, பத்து என்று ஏறும் படிக்கட்டு அவள் முன்பே ஏறி இறங்கியதுதான். நர்ஸ் போனதும் மூன்றே முக்கால் மருந்து, மூன்றே முக்கால் தண்ணீர். பாதி என்றால் பாதி.

அன்று மாலை மகள் தூரத்து நகரத்திலிருந்து போன் செய்தாள்.

“அந்த மருந்தா குடுக்கறீங்க? மறுபடியுமாம்மா?”

“டாக்டர் எழுதினதுடி.”

“அப்பவும் டாக்டர்தான் எழுதினார்.”

 மகளின் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஏழாம் வகுப்பு படிக்கையில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று நாளைக்கு வலி மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். அந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு அதே நிறத்தில் சத்து மாத்திரையை வைத்தார் வெல்டர். குழந்தை இரண்டு நாள் கதறியது. “மாத்திரைதான் போட்டாச்சே, கொஞ்சம் பொறுத்துக்கயேன்டி” என்று அவள் அதட்டியும் விட்டாள். மூன்றாம் நாள் உண்மை தெரிந்தது. அவள் போகச் சொல்லுமுன் வெல்டரே சட்டையை மாட்டிக்கொண்டு மறுவாழ்வு மையத்துக்குப் போனார். அங்கே மாற்று மருந்து கொடுத்து, இரண்டு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். மகள் பெரியவளானாள், வேலை கிடைத்ததும் கிளம்பிப் போனாள். போனில் அம்மாவிடம் மட்டும் பேசுவாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் மூச்சு வாங்க மாடியேறி வந்து கதவைத் திறந்தபோது, கட்டில் காலியாக இருந்தது. வெல்டர் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் தரையில் கிடந்தார். படுக்கை விரிப்பின் மூலையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்குச் சத்தம் போகக்கூடாது என்று. விரிப்பு எச்சிலில் நனைந்திருந்தது. அதில் ரத்தமும் இருந்தது.

“ஐயோ, எப்ப விழுந்தீங்க?”

அவர் துணியை வாயிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “நீ போன கொஞ்ச நேரத்துல.”

பத்தே கால் மணியிலிருந்து. உருளைக்குள் அவள் விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் சாய்ப்பதற்குள் இருவருக்கும் உயிர் போய் வந்தது. அவள் ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்தாள். சிரிஞ்சை உள்ளே விட்டு இழுத்தாள். 

“முழுசா ஊத்தாதே” என்றார் வெல்டர்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“பாதிதான் ஊத்துறேன்னு எனக்குத் தெரியும் மேஸ்திரி. முதல் நாளைக்கப்புறம் கசப்பு பாதியாயிருச்சு. இந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷம் தின்ன நாக்கு.”

சிரிஞ்சு அவள் கையிலேயே இருந்தது. மனிதர் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாது?”

“எப்படிக் கேப்பேன்? கேட்டா நீ என்ன நினைப்பே? இதோ பழைய ஆள் வந்துட்டான், இன்னும் குடு இன்னும் குடுன்னு ஆரம்பிச்சுட்டான்னுதானே? கேக்கறதுன்னா எனக்கு இந்த வீட்ல அது ஒண்ணுதான் அர்த்தம். நானே பண்ணிக்கிட்டது.” மூச்சு வாங்கினார். “அதோட, புள்ளையோட மாத்திரைய மாத்தி வெச்சவன் நான். ரெண்டு நாள் கத்துச்சு. நான் இதே கட்டில்ல சுகமா படுத்திருந்தேன். அந்தக் கடன் இப்படித்தான் கழியும்னு இருக்கு போலன்னு கிடந்தேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க. அதுக்காக நான் பண்ணல. சத்தியமா அதுக்காக இல்ல.”

“தெரியும்.”

“பயத்துலங்க. நீங்க தூங்கின மூஞ்சியப் பாத்ததும் பயந்துட்டேன். மறுபடியும் உங்களத் தொலைச்சுருவேனோன்னு.”

வெல்டர் சிரிக்கப் பார்த்தார். கிழிந்த உதடு விடவில்லை. “இனிமே எங்க தொலையறது? மூணு மாடி இறங்க முடியாது.”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் கையை நீட்டி அவள் தலையைத் தொட முயன்றார், எட்டவில்லை. பிறகு, வேலை சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்:

“எழுந்து நர்ஸுக்குப் போன் போடு. நடந்ததை நடந்தபடி சொல்லு. ஏழரைன்னு அவங்க ஏத்தினது, நான் அஞ்சு குடிச்சும் வலிக்குதுன்னு நம்பி. திடீர்னு அதை ஊத்தினா என் உடம்பு தாங்குமோ என்னமோ. என்கூட மையத்துல இருந்தவங்க ரெண்டு பேர் அப்படிப் போனாங்க. நிறுத்தி வெச்சிருந்துட்டு பழைய அளவையே போட்டுக்கிட்டாங்க. மூச்சு நின்னுடுச்சு.”

அவள் போன் செய்தாள். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பேச்சை அவள் பேசியதில்லை போலிருந்தது. மூன்றே வாக்கியம்தான். 

“நல்லவேளை சொன்னீங்க” என்றாள் நர்ஸ். “இப்ப அஞ்சு ஊத்துங்க. சரியா அஞ்சு. நான் வரேன்.”

ஊற்றினாள். சலவைக்கூடத்துக்கு அன்று திரும்பிப் போகவில்லை. நர்ஸ் வந்து மூச்சை எண்ணி, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, புதிதாக அளவு எழுதினாள். அவள் தையல் மெஷின் மூடியைத் திறந்து ஒளித்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். வலி இறங்கியிருந்த வெல்டர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அட! அஞ்சு வருஷம் மாத்திரை ஒளிக்க இந்த வீட்ல இண்டு இடுக்கெல்லாம் தேடினவன் நான். டார்ச் லைட்டுக்குள்ளகூட வெச்சிருக்கேன். தையல் மெஷின் தோணவே இல்ல பாரு.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அழுகையோடு சேர்ந்து வந்த அந்தச் சிரிப்பை நிறுத்த முடியாமல் சமையல் மூலைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். வலி அடியோடு போனது என்று சொல்ல முடியாது. பேசுகிற அளவுக்குப் போனது. கஞ்சியில் உப்பு பத்தவில்லை என்று சண்டை போட்டார். சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் கம்பிக்கதவைப் பார்த்து, “எவன் வெல்டிங் வெச்சது? கண்ணை மூடிக்கிட்டு வெச்சிருக்கான்” என்று வைதார். ஒரு நாள் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்:

“இப்ப அந்த ஆசை வருதா?”

“வருது. உன்கிட்ட எதுக்குப் பொய்? ஊத்தின கொஞ்ச நேரத்துல ஒரு இதமா இருக்கு, பழைய வீட்டு வாசல்ல போய் நிக்கற மாதிரி. அப்பல்லாம் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன். நீ வெளிய தட்டிட்டே இருப்பே.” கொஞ்சம் யோசித்தார். “இப்ப நீயும் உள்ள இருக்கே. அதான் வித்தியாசம்.”

கடைசி வாரத்தில் மகள் போன் செய்தபோது, நடந்ததையெல்லாம் அவள் சொன்னாள். பாதி ஊற்றியதை, தரையில் கிடந்ததை, வாயில் துணியை. மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “குடு அவர்கிட்ட” என்றாள்.

போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். எதிர்முனையில் வெறும் மூச்சுதான் கேட்டது.  மன்னிப்பு என்ற சொல்லை அவர் மனதுக்குள் எத்தனை வருடமாக உருட்டிக்கொண்டிருந்தாரோ, அது வாய்க்கு வரவில்லை.

“வலிக்குதாப்பா?” என்றது போன்.

“இல்லம்மா. அம்மா சரியா ஊத்துறா.”

அவ்வளவுதான் பேசினார்கள். மகள் ரயிலேறி வந்து சேர்ந்தபோது அவர் நினைவில்லாமல் இருந்தார். ஒரு பகல் முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஆறு மணி மருந்துக்குப் பிறகு, யாரையும் தொந்தரவு செய்யாமல் போய்ச் சேர்ந்தார்.

சாவுக்கு வந்தவர்கள் ஏழு பேர். நான்கு நாள் இருந்துவிட்டு மகளும் கிளம்பினாள். “என்கூட வந்துடும்மா” என்றாள். “பாக்கலாம்டி” என்றாள் அவள். இருவருக்கும் அது நடக்காது என்று தெரிந்திருந்தது.

மீந்த மருந்தை வாங்கிப்போக நர்ஸ் வந்தாள். அளந்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவள் நர்ஸுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஒருவர் குடிக்க ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிற டீயாக அது இருந்தது. காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டும் நர்ஸ் எழுந்திருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும். ஆத்துப் பாலம் தாண்டி ஒரு வீடு. அந்தம்மா புருஷனுக்கு மருந்தே குடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க தம்பி போதையில செத்துப்போனவராம். நான் சொல்லிப் பாத்துட்டேன், டாக்டரும் சொல்லிப் பாத்துட்டாங்க. நீங்க ஒரு தடவை வர முடியுமா?”

“நான் என்ன சொல்லுவேன்? படிச்சவங்க நீங்களே சொல்லியாச்சு.”

“தெரியல. சும்மா வந்து நில்லுங்க போதும்.”

இரண்டு நாள் வரமாட்டேன் என்றே இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு உருளைக்குள் விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் இருந்தவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லி, நர்ஸிடம் விலாசம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அது தரைமட்டத்து வீடு. கதவைத் திறந்தவள் அவளைவிட இளையவள், தூங்கி நாளாகியிருந்த கண்கள். உள்ளே விடவில்லை, கதவிடுக்கில் காலை வைத்து மறித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து ஓர் ஆணின் முனகல் வந்துகொண்டிருந்தது.

“நர்ஸ் அனுப்பினாங்களா? எனக்கு யாரும் சொல்ல வேணாம். அந்த மருந்து என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரர் அஞ்சு வருஷம் அதுலதான் கிடந்தார். அதனாலதான் கடைசில அவருக்கு வலி வந்தப்போ நான் பாதி மருந்தும் பாதி தண்ணியுமா ஊத்தினேன். பதினோரு நாள். சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு துணியக் கடிச்சுக்கிட்டு கிடந்தார்.”

“இப்ப எப்படி இருக்கார்?”

“இல்ல. போயிட்டார்.”

“அப்ப உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. தினம் கேட்டுக்கிட்டு இருக்கறவ நான்.”

கதவு மூடிவிடும் போலிருந்தது. வாசலில் யாரோ காயப்போட்டிருந்த துணிகள் காற்றில் அடித்துக்கொண்டன. அவள் போகவில்லை.

“ஆமா, அவர் போயிட்டார்” என்றாள். “அந்தப் பதினோரு நாள் மட்டும் போகலம்மா. அது என்கூடவேதான் இருக்கு.”

முனகல் ஒரு கணம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. இளையவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். கதவிடுக்கில் வைத்திருந்த காலை எடுத்தாள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அலமாரியின் மேல்தட்டில் பழுப்பு பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. சிரிஞ்சு பக்கத்திலேயே, உறை பிரிக்காமல்.

“எத்தனை மில்லி எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள்.